மூன்றாம் ஓலை வரைக்கும்

அமிர்தசாமி என்ன படிக்கிறான் என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் டாக்டருக்குப் படிக்கிறான் என்பார்கள். அவனைக் கேட்டால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

இதில் ஊரைக் குறை சொல்ல முடியாது. வக்கீல், வாத்தியார், இஞ்சினியர், டாக்டர் என்று படிப்புக்குத் தக்கபடி ஆளுக்கு ஒரு பெயர் இருந்த காலம் அது. அவன் போய்ச் சேர்ந்த பட்டத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. இயற்கை அறிவியல் என்றார்கள். வெளி மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் அதைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. முதல் வருடம் பௌதிகம், ரசாயனம், தாவரம், விலங்கு, நிலம் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்க வேண்டும். இரண்டாம் வருடம் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காததை விட்டுவிடலாம், ஒன்றோடொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி வருடம் ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, படித்ததையெல்லாம் வைத்து அந்த இடத்தை ஆராய வேண்டும். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த அப்பா சவரிராயனிடம் இதை அவன் விளக்கியபோது அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் சரிப்பா. முடிச்சா என்னவா வருவே?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். முதல் வருடத்தில் விலங்கியலும் உடலியலும் எடுத்து நல்ல மார்க் வாங்கினவர்கள் அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போக ஒரு வழி இருந்தது. "டாக்டருக்குக்கூடப் போலாம்ப்பா" என்றான். அப்பா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது மீன்காரம்மா முதல் உபதேசியார் வரைக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "டேய் டாக்டரு" என்று கூப்பிட்டார்கள். கூச்சமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அவன் பொய்யன் இல்லை. சொன்னபடியே விலங்கியலும் உடலியலும் எடுத்தான், மார்க்கும் வாங்கினான். வழி திறந்துதான் இருந்தது. கோடை விடுமுறைக்கு வந்து திரும்பும்போது, சும்மா ஒரு வேடிக்கைக்கு, அப்பாவின் பாத்தியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனான். உச்சி வெயில் காலத்தில் உப்புத் தண்ணீர் கெட்டிப்பட்டுச் சிவந்து போகும். ஊரில் எல்லாரும் பார்த்ததுதான், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துக் குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆயிற்று. புல் பூண்டு எதுவும் பிழைக்காது என்று அவன் நினைத்திருந்த தண்ணீரில் செக்கச்செவேல் என்று என்னவோ நீந்திக்கொண்டிருந்தது. அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய உயிரியல் வேண்டும். ஏன் சிவப்பு என்று தெரிய ரசாயனம் வேண்டும். கடல் தண்ணீர் அந்த மண்ணில் ஏன் இறங்காமல் நிற்கிறது என்று தெரிய நிலவியல் வேண்டும். மூன்றையும் ஒருசேரப் படிக்க, அவனுக்குத் தெரிந்து உலகத்திலேயே இந்த ஒரு பட்டம்தான் இருந்தது. மறுவாரம் பாடம் தேர்ந்தெடுக்கும் மேசைக்கு முன்னால் நின்றபோது உடலியலை விட்டுவிட்டு நிலவியலில் சேர்ந்துகொண்டான்.

டாக்டராகும் வழி அத்தோடு மூடிவிட்டது. யாரும் அவனைத் தள்ளவில்லை. தானேதான், அதுவும் சந்தோஷமாகத்தான் மூடினான். ஃபெயிலாகிப் போயிருந்தால் அழுதுகொண்டே வந்து சொல்லியிருப்பான், அப்பாவும் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பார். இந்தச் சந்தோஷத்தை எந்த முகத்தோடு சொல்வது? அக்கா அருள்மேரி உப்பு வாரின கையோடு வந்து அடுப்பு மூட்டுகிற வீட்டில், எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை விட்ட அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், தன் கல்யாணத்தைப் பற்றி யாரையும் பேசவிடாமல் இருபத்தெட்டு வயதுக்கு வந்து நின்றாள். 'தம்பி டாக்டராகட்டும்' என்பதுதான் அவள் எல்லாருக்கும் சொன்ன பதில். படிப்பு இனிக்க இனிக்க அமிர்தசாமிக்கு அது திருட்டுச் சோறு மாதிரி நெஞ்சில் அடைத்தது. ஆனாலும் தின்றான்.

கடைசி வருடம் ஆராய்ச்சிக்கு மரக்காணம் உப்பளத்தையே தேர்ந்தெடுத்து, தை பிறந்ததும் ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாயும் சூடு காட்டச் சாராய விளக்குமாக வந்து இறங்கினான். மழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளில் சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த நேரம். அவன் வரப்பு வரப்பாகப் போய் மண்ணையும் தண்ணீரையும் குழாயில் எடுப்பதைப் பார்த்து, டாக்டர் படிப்பில் இதுவும் உண்டு போலிருக்கிறது என்று ஜனங்கள் எண்ணிக்கொண்டார்கள். அவனும் எண்ணட்டும் என்று விட்டான். விட்டதுதான் வினை. தம்பிக்குக் கடைசி வருடம்தானே என்று அக்காவே இறங்கிவந்து, அவன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவளுக்கு வரன் முடிவாகியிருந்தது.

மாப்பிள்ளை சிலுவைமுத்து பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பர், முத்தியால்பேட்டையில் சொந்த வீடு. வீட்டில் அவனும் அவன் அம்மா சூசைமேரியும்தான். பெண்ணுக்கு வயது கூடுதல், நகை குறைச்சல், உப்பில் நின்று நின்று கறுத்துப்போன கை கால். இத்தனையும் தெரிந்து அந்த அம்மா ஒப்புக்கொண்டது எதனால் என்று அப்பாவே பெருமையாகச் சொன்னார்.

"டாக்டர் தம்பி இருக்கிற குடும்பம், அது போதும்னுட்டாங்கப்பா. ஒரு பவுன் கேக்கலை."

அமிர்தசாமி திரும்பிப் பார்த்தான். அக்கா அடுப்படியில் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் அதை வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் ஒவ்வொரு தடவையும் முடிப்பார். ஏற்கெனவே தாலி கட்டினவனா, ரத்த உறவா என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. தம்பி என்ன படிக்கிறான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது என்று அமிர்தசாமிக்குத் தெரியும். தெரிந்தும், முதல் ஓலை வாசித்த ஞாயிறு, அந்தக் கடைசி வாக்கியத்தின்போது அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா பூசைக்கு வந்திருந்தாள். மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. வாட்டசாட்டமான பெண்மணி, கலகலவென்று பேச்சு. சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் வெற்றிலைக்கு உட்கார்ந்தபோது அவள் கொல்லைப்பக்கம் வந்து அமிர்தசாமியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒரு கவிழ்த்த உரலில் உட்கார்ந்து சேலையை லேசாகத் தூக்கி, இடது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் குழிந்திருந்தது.

"செருப்பு கடிச்சது தம்பி. மாசம் ரெண்டாச்சு, ஆற மாட்டேங்குது. வலியும் தெரியல, அதனால வுட்டுட்டேன்."

வலி இல்லை என்றதுதான் அவனுக்குப் பகீரென்றது. முதல் வருட உடலியலில் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு பாடம் உண்டு, அதில் கால் மரத்துப்போகும் என்று படித்திருந்தான். தாகம் நிறைய எடுக்கிறதா, அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்கிறதா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தே அவளுக்குப் பாதி குணமாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அத்தை, பெரிய ஆஸ்பத்திரில உடனே காட்டிடுங்க."

"அந்தப் பேச்சே வேணாம். எங்க அக்காவை அங்கதான் இட்டுக்கினு போனாங்க. கால எடுத்தாங்க, மூணாம் நாள் ஆளே பூட்டா. அதான் நம்ம வூட்டுக்கு ஒரு டாக்டர் வர்றாரேன்னு காத்துனு கிடக்கிறேன். நீ படிச்சு முடி, நீயே வைத்தியம் பாரு. அதுவரைக்கும் நான் பொறுத்துக்கறேன்."

"உங்க புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவன் கல்யாணத்த தள்ளி வச்சுட்டு என்னைத் தூக்கினு போவான். சொல்லாத. டாக்டருங்க வெளிய சொல்ல மாட்டாங்களாமே?"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினான். டாக்டராக இல்லாதவன் டாக்டரின் ரகசியத்தைக் காப்பாற்றினான். அதற்கு மட்டும் எங்கிருந்தோ அவனுக்கு யோக்கியம் வந்துவிட்டது.

புதன்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க, பையில் ஒரு குழாயும் சாராய விளக்குமாகப் பாண்டிச்சேரி போனவன் மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கும் நீல மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போனான். ஒருவேளை வெறும் செருப்புக்கடியாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டான். சூசைமேரி கூச்சப்படாமல் ஒரு சீசாவில் சிறுநீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதிலிருந்து சில சொட்டு விட்டு, சாராய விளக்கில் காட்டினான். சூசைமேரி பக்கத்தில் நின்று பத்து வயதுப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தாள். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. அவன் விளக்கை விட்டுக் குழாயை எடுத்துவிடலாமா என்று நினைத்தான். அதற்குள் அது செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேலே போக நிறம் கிடையாது.

"ஏம்பா, நல்ல கலரா வந்திருக்குதே. நல்ல சேதிதானே?"

இப்போது சொல்லலாம். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, இனிமேலும் படிக்கப் போவதில்லை, எனக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ரிக்‌ஷா வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வரிசையாக எல்லா வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவள் போவாள். காத்திருக்க ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு வேறு என்ன செய்வாள்? ஆனால் சொன்னால் ஓலை கிழியும். இரண்டாம் ஓலைக்கு முன்னால் நின்றுபோன கல்யாணத்தை மரக்காணம் பத்து வருடம் பேசும். இருபத்தெட்டு வயதில் அக்காவை இன்னொருவன் வந்து கேட்க மாட்டான். அடுப்படியில் அவள் சிரித்த சிரிப்பு கண்ணில் வந்து நின்றது.

"கொஞ்சம் சக்கரை இருக்குதுங்க அத்தை" என்றான்.

இனிப்பைத் தொடாதீர்கள், வெறும் காலோடு நடக்காதீர்கள், சோற்றைக் குறையுங்கள் என்று புத்திமதி சொன்னான். கல்யாணம் முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முதல் ஃபீஸ் என்று சிரித்து இரண்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது அந்தப் பழங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டக்குப்பத்தில் ஏறின ஒரு கைப்பிள்ளைக்காரியிடம் கொடுத்துவிட்டான்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று அவனுக்குப் பூசையில் நிற்க முடியவில்லை. சாயங்காலம் உப்பளத்தில் அப்பாவைத் தேடிப் போனான். கூலியாட்கள் போய்விட்டார்கள். அவர் வரப்பு மேல் நின்று மிதித்துவிட்ட பாத்தியில் காலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வேகத்திலேயே சொல்லிவிட்டான்.

"அப்பா, நான் டாக்டருக்குப் படிக்கலைப்பா. படிச்சிருக்கலாம். நானா வுட்டுட்டேன்."

சவரிராயன் பாத்தியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். அவர் அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வுட்டுட்டு இன்னா படிக்கிறே?"

"இதத்தான்." உப்பளத்தைக் காட்டினான். "இந்தத் தண்ணி, இந்த மண்ணு, இதுல இருக்கிற உசுரு. எல்லாம் சேர்த்து."

"இதையா?" என்றார் அவர். "இதுல கிடந்து சாவ வேணாம்னுதானேடா உன்ன அனுப்பினது?"

அவன் அழுதான். அவர் அவன் தோளைத் தொடவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. கடைசியில், "யாருகிட்டயும் மூச்சு வுடாத. மூணாம் ஓலை ஆவட்டும், கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே சம்பந்தியம்மா கால்ல வுழுந்து சொல்லிக்கறேன்" என்றார்.

கால் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்தக் காலைப் பற்றி அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பார். மகள் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள் என்று அமிர்தசாமிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் சொல்லவில்லை. இதை அவன் பிற்பாடு எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தும் வேறு காரணம் அகப்படவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் வெறிபிடித்த மாதிரி வேலை செய்தான். விடிந்ததும் உப்பளத்துக்குப் போவான், வெயில் தாழ்ந்துதான் திரும்புவான். காயல் பக்கமிருந்து வந்த தண்ணீரில் எவ்வளவு உப்பு, சேற்றில் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கில் எந்தப் பூச்சி என்று பார்க்கப் பார்க்க மனசு தானாகக் குதித்தது. குதித்த மறுகணம் அந்தக் குழிந்த புண் ஞாபகத்துக்கு வரும். ஒரு காரியத்தில் சந்தோஷமும் அருவருப்பும் ஒன்றாக வரும் என்று அவனுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் எழுந்து எதுவும் சொல்லவில்லை.

கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம் நடந்தது. அருள்மேரி சந்தனப் பட்டில், முக்காட்டுக்குள்ளே முகம் தெரியாமல் நின்றாள். சூசைமேரி மகனுக்குப் பக்கத்தில் புதுச் செருப்போடு பூசை முடிகிறவரைக்கும் நின்றாள். கட்டு பெரிதாகியிருந்ததை அமிர்தசாமி பார்த்தான். பந்தியில் அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, மல்லிகை வாசனைக்கும் பிரியாணி வாசனைக்கும் நடுவே அவளிடமிருந்து வேறொரு வாடை வந்தது. அவன் சொம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டான். அவள் இலையில் கேசரி கிடந்தது. அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும், டாக்டரு" என்றாள்.

மறுநாள் மறுவீடு, அதற்கு மறுநாள் விருந்து. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மூன்றாவது நாள் குளிர்க் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. சிலுவைமுத்துதான் தூக்கிக்கொண்டு ஓடினான். விரல்கள் கறுத்து, கறுப்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சேதி வந்ததும் அமிர்தசாமி அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. கடைசி மண் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு, காய்ச்சல் என்று ஒரு சாக்கு. ஒரு வாரம் கழித்து அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். இன்றைக்குப் படிப்பு விஷயத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் மருமகனைப் பார்த்ததும் அவர் பேச நின்றுவிட, அமிர்தசாமி தனியாகத்தான் பெண்கள் வார்டுக்குள் போனான்.

சூசைமேரி பாதியாக இளைத்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி, "இதோ வந்துட்டாரு எங்க டாக்டர் தம்பி. கல்யாணத்துக்கு முன்னாலயே கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னவரு. நான்தான் கேக்கல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். இளவயதுக்காரர். அவர் ஃபைலைப் புரட்டும்போது சூசைமேரி அவனைத் தூண்டினாள். "நீ இங்கிலீஷ்ல கேளு தம்பி. உங்களுக்குள்ள பேசிக்கிட்டா நெசத்த சொல்லுவாங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மெடிகோவா? எந்தக் காலேஜ்? எத்தனாவது வருஷம்?"

அமிர்தசாமி தலையசைத்தான். "இல்லை சார். நான் மெடிக்கல் இல்லை. நேச்சுரல் சயின்ஸ்" என்றான்.

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சூசைமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா படிப்பு?"

"டாக்டர் படிப்பு இல்லீங்க அத்தை. நான் டாக்டராக மாட்டேன்."

"இது எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருசமாவே."

"அந்தக் குழாயில வச்சுக் காச்சினியே, கலர் கலரா. அதுவும் சும்மாவா?"

"இல்லீங்க. அது நெசம். சக்கரை ரொம்ப ஜாஸ்தி இருந்திச்சு. அன்னிக்கே போயிருக்கணும். கொஞ்சம்னு பொய் சொன்னேன்."

அவள் எதையோ ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பங்குக்கு எதையும் மறைக்கவில்லை. "நான் டாக்டர் இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே போயிருப்பீங்க. கல்யாணம் நின்னு போயிடும்னு சொல்லல. கால் போவும்னு தெரியும். தெரிஞ்சேதான் இருந்துட்டேன்" என்றான். அடிப்பாள் என்று நினைத்தான். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தலையணையில் இறங்கியது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சூசைமேரி திரும்பாமலே கேட்டாள்.

"அருளுக்குத் தெரியுமா?"

"படிப்பும் தெரியாது, காலும் தெரியாது. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன் அத்தை."

அவள் விருட்டென்று திரும்பினாள். "படிப்பச் சொல்லிக்கோ. கால வாயத் தொறந்து சொல்லிடாத. ஒரு வாரமா ராத்திரி தூங்காம என் பீ மூத்திரம் அள்ளுறா அந்தப் பொண்ணு. தன் கல்யாணத்துக்கு என் கால் போச்சுன்னு தெரிஞ்சா என் வூட்டுல ஒரு வாய் சோறு அவளுக்கு எறங்காது. என் புள்ளையோட அவ வாழ மாட்டா. போனது போகட்டும், அவ வாழணும்." மூச்சு வாங்கியது. "உன்ன நான் மன்னிக்கல. புரியுதா? மன்னிக்கல. ஆனா நீ சொல்லக் கூடாது."

வெந்நீர்ப் பாத்திரத்தோடு அருள்மேரி வந்தாள். தாலி புதுசு, கண்ணைச் சுற்றிக் கருவளையம். தம்பியைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அடக்க முடியவில்லை.

"ஏண்டா இவ்ளோ நாளா வரல? எனக்கு மனசே ஆறலடா. இத்தன வாட்டி வந்து போயிருக்கிறாங்க, நம்ம வூட்டுலயே சாப்பிட்டாங்க. நீ ஒரு தடவ இவங்க கால உத்துப் பாத்திருந்தா காப்பாத்தியிருப்பேடா. காப்பாத்தியிருக்க மாட்டே?"

அவன் சூசைமேரியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். போர்வையின் தட்டையான பக்கத்தை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது.

"ஆமாக்கா" என்றான் அமிர்தசாமி. "பாத்திருந்தா காப்பாத்தியிருப்பேன்."